ஊத்து நாள்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு எச்சில் கசக்கிறது. திராட்சை இலையில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அம்மா அந்த மருந்தை டிரம்மில் கரைப்பார். துத்தம் கூடினால் இலை கருகிவிடும், சுண்ணாம்பு கூடினால் மருந்துக்கு வீரியம் இருக்காது. அரிவாள் நுனியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பார். செம்பு நிறம் ஒட்டியிருந்தால் இன்னொரு கை சுண்ணாம்பு போடுவார், ஒட்டாவிட்டால் அத்தோடு விட்டுவிடுவார். எங்கே நிறுத்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சொல்தான் அம்பலம் ஏறாது.

குச்சனூருக்கு மேற்கே, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் எங்களுடையது. கீழே வயல்காரர்கள் அணை எப்போது திறக்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்; எங்களுக்கோ ஆறும் அணையும் அந்த ஒரு கிணறுதான். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நிலம் பிரிந்தபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. ஒருநாள் பெரியப்பாவின் மோட்டார், மறுநாள் எங்கள் மோட்டார், மூன்றாம் நாள் யாருடையதும் இல்லை. அதை 'ஊத்து நாள்' என்போம். அன்று எட்டிப் பார்த்தால் பாறை இடுக்குகளில் நீர் கசிந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். மறுநாள் காலையில் தண்ணீர் பழைய படிக்கட்டுக்கே ஏறியிருக்கும். இறைப்பதும் ஊறுவதும் சரிக்குச் சரியாக இருந்த காலம் அது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ தெரியாது. கெடுத்தவர்களை எனக்கு நன்றாகவே தெரியும், அவர்களில் ஒருவர் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

அப்பா தக்காளி, வெங்காயம் என்று மாறி மாறிக் கையைச் சுட்டுக்கொண்டவர். ஊரே தக்காளி போட்டால் தானும் போடுவார், ஊரே தெருவில் கொட்டும்போது தானும் கொட்டுவார். அதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் அம்மா கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல் போட்டார். அவரைப் பார்த்துப் பெரியம்மாவும் தங்கள் பக்கத்தில் போட்டார். இரண்டு பந்தலும் பிள்ளைகளைப் போல வளர்ந்து, முதல் காய்ப்புக்கு வந்த வருடம் மழை பொய்த்தது.

பிஞ்சு பருக்கும் நேரத்தில் அப்பாவுக்கு அந்த மூன்றாம் நாள் கண்ணை உறுத்தியது. ஒருநாள் முழுக்கத் தண்ணீர் 'சும்மா கெடக்குதே' என்று மோட்டாரைப் போட்டுவிட்டார். மூத்தவனுக்கு இல்லாத உரிமை இளையவனுக்கு எப்படி வந்தது என்று பெரியப்பா குதித்தார். பேச்சு வளர்ந்து, அல்லிநகரத்திலிருந்து உறவுக்காரப் பெரியவர் ஒருவர் நியாயம் பேச வந்தார். எந்தச் சண்டையையும் தேங்காயை உடைப்பது போல இரண்டாக்கித் தருவதில் பேர் போனவர். மூன்றாம் நாளையும் பாதிப் பாதியாக்கிக் கொடுத்தார்.

"இப்ப ஆருக்கும் கொறையில்ல. ரெண்டு பேருக்கும் சரிசமம்," என்றார்.

காபி டம்ளரோடு நின்ற அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்பக் கெணத்துக்கு?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்துப் பதினைந்து நாளில் படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மாவும் பெரியம்மாவும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும் அவரவர் மோட்டாருக்குக் கரண்டு தரும் 'பீஸ் கட்டை'யைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு களையெடுக்கப் போய்விடுவார்கள். மோட்டார் ஓடாது. கரண்டு வரவில்லை என்று இரண்டு வீட்டிலும் ஒரே பொய். கிணறு மறுபடி ஊறியது. பிஞ்சு உருண்டு திரண்டது. அம்மா பந்தலுக்குக் கீழே பாடிக்கொண்டு நடந்ததை அந்த ஒரு மாதத்தில்தான் நான் கேட்டேன்.

அடுத்த தோட்டத்துக்காரர் மோட்டார் ஓடும்போது நமக்கு மட்டும் எப்படிக் கரண்டு இல்லை என்று பெரியப்பா யோசித்து, மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்ததோடு அது முடிந்தது. தன் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தம்பி வீட்டார் இறைத்துக்கொண்டார்கள் என்று அவர் நினைத்தார். விஷயம் தெரிந்ததும் அப்பாவும் அண்ணன் வீட்டைப் பற்றி அதையே நினைத்தார். பெரியம்மா களத்தில் நின்று, "நம்ம ஊருச் சனீசுவரன் மேல சத்தியமாச் சொல்றேன், ரெண்டு மோட்டாரும் ஓடல," என்றார்.

"நீ கழத்துனது சரி. அவ கழத்துனாளான்னு நீ பாத்தியா?" என்று கேட்டார் பெரியப்பா.

அந்த வாரமே இரண்டு வீட்டிலும் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' வந்தது. கரண்டு வந்த நொடியில் தானாகவே மோட்டார் ஓடும், யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை. முறை நாள் என்ற பேச்சே போயிற்று. இரண்டு மோட்டாரும் போட்டி போட்டு உறிஞ்ச, சற்று நேரத்தில் குழாயில் காற்றுத்தான் வந்தது. குலைகள் கொடியிலேயே மிளகுபோலச் சுருங்கின. அம்மா குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தார். ஒரு பந்தலைக் குடத்தால் காப்பாற்ற முடியுமா? கடைசியில் கொடிகளைத் தூரோடு வெட்டி, அவரே அடுப்பெரித்தார்.

கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது, எதிராளி நிறுத்தாதவரை தான் மட்டும் நிறுத்தினால் தனக்குத்தான் நட்டம் என்று இருவரும் நினைத்து, இருவருமே நகராமல் நிற்கும் இடத்துக்குப் பெயர் 'சமநிலை' என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிணறு வற்றிக் கிடந்ததற்கு இவ்வளவு அழகான பெயரா? இன்று தேனியில் நானே அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தச் சொல்லை எழுதும்போது கை ஒரு கணம் தயங்குகிறது. அந்த இடத்தைப் பொறுத்துக்கொண்டு வாழ்வதற்கு எங்கள் ஊர் வழக்கத்திலும் ஒரு பெயர் உண்டு, 'அனுசரிச்சுப் போறது'. அதை மோட்டார் வைத்திருந்தவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அம்மாவிடமும் பெரியம்மாவிடமும்தான் சொன்னார்கள்.

அந்தக் கிணற்றில் இப்போது குப்பை கொட்டுகிறார்கள். நானும் பெரியப்பா வீட்டு அண்ணன்மாரும் ஆளுக்கொரு ஆழ்துளைப் போர் போட்டிருக்கிறோம், ஆழம் எவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. ஊத்து நாள் என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியம்மா காலமாகிவிட்டார். போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் டிவி முன்னால் ஒட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். பழைய பேச்சு வந்தது. தங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை, இருவருக்கும் ஒன்றுபோலத்தான் போயிற்று என்று அப்பா பெருமையாகச் சொல்ல, பெரியப்பாவும் தலையாட்டினார்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றார்.

"ஒங்களுக்கு என்ன போச்சு? போனது எனக்கும் அக்காவுக்கும்ல. அவுக உசுரோட இருந்தா அவுகளும் இதத்தான் சொல்லியிருப்பாக."

அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.