அட்டையின் பின்பக்கம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு பிரேக் வாத்தியார் என்று பெயர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் வாத்தியாருக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பதினோரு வருடமாக வைத்த காலை அவர் எடுத்ததில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து மனைவி உண்டானதும் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. மருத்துவமனைக்குப் போகிறவள் இரண்டு உயிராக வீடு திரும்ப வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காகச் செய்த ஏற்பாடுகளை இன்று அவரே சொல்லித் தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். மருத்துவமனைக்கு ஒன்பது முறை ஒத்திகை ஓட்டம் நடத்தினார். காலையில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், கொட்டும் மழையில் என்று எல்லா விதமாகவும் பார்த்தாயிற்று. வழியில் பதினான்கு வேகத்தடைகள். ஓட்டியதெல்லாம் மாணவர்கள்தான். தேர்வே அந்த வழியில்தான் போலிருக்கிறது என்று நம்பி, பிரசவ வார்டு வாசலில் வண்டியை ஒடித்து நிறுத்த அவர்கள் உயிரைக் கொடுத்துப் பழகினார்கள். விஷயம் தெரிந்த அவருடைய அக்கா, “டேய், பிரசவம் அவளுக்கா உனக்கா?” என்று கேட்டாள். அவருக்கே அது சரியாகத் தெரியவில்லை.

‘வலி எடுத்ததும் செய்ய வேண்டியவை’ என்று இருபத்திரண்டு வரிகளில் ஒரு பட்டியலும் எழுதினார். மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அறையின் அந்தக் கோடியிலிருந்தே புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் கண் அவளுக்கு. பட்டியலில் நான்கு இடங்களில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எட்டாம் மாதப் பரிசோதனையில் பழைய கர்ப்பிணி அட்டை நிரம்பிவிட்டதால் புது அட்டை கொடுத்தார்கள். மனைவி ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தாள். நர்ஸ் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தை விரல் வைத்து விளக்கி, அவளுக்கும் படித்துக் காட்டச் சொன்னார். வாத்தியார் பலமாகத் தலையாட்டினார். கண் மட்டும் ஜன்னல் வழியே, ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே, அட்டை கசங்கக் கூடாது என்று மின்விசிறி வந்த பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல் பசை போட்டு ஒட்டிவிட்டார். வேலை அவ்வளவு சுத்தம்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. முந்தின நாளிலிருந்தே தலைவலி என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததாக இருக்கும் என்று அவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இப்போது அவள் கையிலிருந்த தாளை மடியில் வைத்துவிட்டு, “எழுத்தெல்லாம் கலங்கலா தெரியுதுங்க,” என்றாள்.

கண் சரியில்லை என்று யார் சொன்னாலும் வாத்தியார் செய்வது ஒன்றே ஒன்று. அவளை ஜன்னலுக்குக் கூட்டிப் போய் எதிர்வீட்டு வண்டியைக் காட்டி, “அந்த நம்பரைப் படி,” என்றார். நான்கு எண்ணில் மூன்றைத் தப்பாகப் படித்தாள். நடுவில் ஏதோ பூச்சி பறக்கிற மாதிரி மினுக்குகிறது என்றாள். இப்படிப் படித்தவர்களை அவர் கண்ணாடி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் புள்ளியைக்கூட விடாத இவள் கண்ணுக்கா?

“வலி இல்லையே. செக்கப்புக்கு வியாழக்கிழமைதான் போகணுமே,” என்றாள் அவள். பட்டியலும் அதையேதான் சொன்னது. வலி எடுக்காவிட்டால் என்ன செய்வதென்று இருபத்திரண்டு வரியிலும் இல்லை. ஆனால் மாணவர்களிடம் அவர் தொண்டை வறளச் சொல்லும் வார்த்தை ஒன்று இருந்தது. தெரியவில்லை என்றால் யூகித்து ஓட்டாதே.

“கிளம்பு,” என்றார்.

அவளைப் பயிற்சி வண்டியின் பின் இருக்கையில் ஏற்றிப் பையை வைத்தார். ஓடிப்போய் உட்கார்ந்தார், பெல்ட் போட்டார். “கண்ணாடியப் பாத்து மெதுவா எடுங்க,” என்றார்.

வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து மனைவி, “யார்கிட்ட சொல்றீங்க?” என்று கேட்டாள். வாத்தியார் தன்னுடைய வழக்கமான இருக்கையில் இருந்தார். ஓட்டுநர் இருக்கை காலி.

பிறகு அவர்தான் ஓட்டினார். பதினான்கு வேகத்தடைகளும் கணக்காக வந்தன. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் வண்டியில் பிரேக் போட்டுக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

அதே நர்ஸ்தான் இருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தவர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார், படுக்கையை உள்ளே தள்ளிப்போனார்கள். அட்டையைக் கேட்டதும் வாத்தியார் எடுத்து நீட்டினார். நர்ஸ் திருப்பிப் பார்த்தார். மின்விசிறியின் படம் இருந்தது.

“பின்பக்கம் எங்க?”

“கசங்காம இருக்கட்டும்னு… ஒட்டிட்டேன்.”

அந்தப் பக்கத்தில் இருந்ததை நர்ஸ் மனப்பாடமாகச் சொன்னார். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, இதில் எது வந்தாலும் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். “நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. எப்படித் தெரிஞ்சது?”

வாத்தியார் அட்டையை வாங்கி, ஓரத்தை நகத்தால் பிரிக்கப் பார்த்தார். இரண்டு உயிரை ஒரு கரண்டி பசையில் ஒட்டி வைத்திருந்தவன் நான், என்று மட்டும் தோன்றியது.

அன்று பிற்பகல் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். நாள் முந்திய குழந்தை, கைக்கு அடங்கியது, சத்தம் மட்டும் அடங்கவில்லை. தாய்க்கு அழுத்தம் இறங்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வாத்தியார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் குழந்தைக்கென்று ஓர் அட்டை வந்தது. “ரெண்டு பக்கமும் சத்தமா படிங்க,” என்றாள் மனைவி. அவர் படித்தார். பின்பக்கத்தில் பாதி தாண்டியதும் நிமிர்ந்தார். அவள் ஜன்னல் வழியே கீழே நிறுத்தியிருந்த பயிற்சி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே அதன் நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“சரியா?”

அவர் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

“அட்டை நனையுதுங்க,” என்றாள் அவள்.