ஓடிக்கொண்டே இருந்த நாய்

எங்கள் வீட்டு வடக்குச் சன்னலுக்கு மேல் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. என் பெரிய மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, என்னுடைய கட்டம் போட்ட லுங்கியை அங்கே மறைப்பாகக் கட்டச் சொல்லி அழுதாள். அதற்காக அடித்த ஆணிகள். சன்னலுக்கு வெளியே தெரிந்தது மலை.

செஞ்சி மலைகளைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும். யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டுப் போனதுபோலப் பாறைமேல் பாறையாக, இதோ உருளப் போகிறேன் என்பதுபோல நிற்கும். அடிவாரத்திலேயே வளர்ந்த எங்கள் கண்ணுக்கு அது படுவதே இல்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, அந்த மழைக்கால லீவு நாள் வரைக்கும். எங்கோ ஒரு மலையூரில் மண் சரிந்து, பாறைகள் வீடுகள்மேல் விழுந்ததை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் ஆட்டோ ஓட்டப் போயிருந்தேன். அவள் அம்மா சமையலில் இருந்தாள். பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் சாப்பிட வந்தால், பள்ளிக்கூடப் பையில் பாவாடை சட்டையைத் திணித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"அவலூர்பேட்டை பெரியம்மா வூட்டுக்குப் போய்டலாம் நைனா. இங்க வேணாம்."

"அங்க மட்டும் மலை இல்லியாடி? கோயிலே மலை மேலதான இருக்குது!" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா சிரித்தாள். அந்தப் போக்கிடமும் இல்லை என்றதும் பிள்ளையின் அழுகை கூடிவிட்டது.

எல்லா அப்பன்களும் சொல்வதையே நானும் சொன்னேன். "நம்ம மலை ராஜா காலத்துலேர்ந்து நிக்குது. விழாதும்மா."

"அந்த ஊரு நைனாவும் அப்டித்தான சொல்லியிருப்பாரு?"

லுங்கியைக் கட்டியது அப்போதுதான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டேன் என்றாள். அதுவும் மலையடியில்தான் இருக்கிறது. மிரட்டிப் பார்த்தோம், மிட்டாய் காட்டிப் பார்த்தோம். நகரவில்லை. இப்படியே படிப்பு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் பாதியில் படிப்பை விட்டவன்.

அன்று சாயங்காலம் மடியில் வைத்துக் கேட்டேன். "எல்லா மலையும் விழுந்துகினே இருக்குது நைனா. காலைல விழுந்துது, நான் பொட்டுக்கடலை துன்னும்போது விழுந்துது, நீ வர்றப்பவும் விழுந்துது. அடுத்து இங்கதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதை, ஒவ்வொரு தடவையும் ஒரு புது மலை என்று நினைத்திருக்கிறாள்!

டிவியைச் சத்தமில்லாமல் போட்டேன். அதே படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. "மலைய பாக்காத. கீழ ரோட்ட மட்டும் பாரு." என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விரல் சந்து வழியாகப் பார்த்தாள். ஒரு வெள்ளை நாய் ரோட்டில் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடியது.

"நைனா, அதே நாயி!" முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பாவம், எத்தினி வாட்டி அத்த ஓட வுடுறாங்க! தப்பிச்சிடுச்சில்ல?"

"தப்பிச்சிடுச்சு. அங்க நடந்தது நெஜம்தாம்மா. ஆனா ஒரு வாட்டிதான் நடந்துது."

"நம்ம மலை?"

இந்தத் தடவை பொய் சொல்ல மனம் வரவில்லை. "விழுமா விழாதான்னு எனக்குத் தெரியாது. ஆபத்துன்னா உன்னத் தூக்கிகினு ஓடிடுவேன்."

"எதுக்கு ஓடணும்? ஆட்டோ இருக்குதே!"

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். சில நாள் கழித்து லுங்கியையும் அவளே அவிழ்த்துக் கொடுத்தாள்.

பிள்ளைகளே, டிவியில் எதையாவது பார்த்துப் பயந்தால், பக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் எங்களுக்கு விளங்கும்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. போன மழையில் வெள்ளச் செய்தி ஓடியபோது அவள் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெரியவள் போய் ஒட்டி உட்கார்ந்து, "மூடாதடி, நாயி எங்கன்னு தேடு" என்றாள். இருவரும் தேடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சன்னல் ஆணியில் அவளுடைய குடை தொங்கிக்கொண்டிருந்தது. திறந்த சன்னலுக்கு வெளியே மலை நனைந்துகொண்டிருந்தது.