நாலு பனியன்

எங்கள் வீட்டில் பனியன் போடுகிறவர்கள் இரண்டே பேர், அப்பாவும் நானும். ஆனால் அந்த வருடம் சேலையூரில் எங்கள் மொட்டைமாடிக் கொடியைப் பார்த்த யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். கீழ் வீட்டு ஆன்ட்டி ஒருநாள் அம்மாவை நிறுத்திக் கேட்டேவிட்டார்.

"ஊர்லேருந்து யாராச்சும் வந்து தங்கியிருக்காங்களா? கொடி முழுக்க பனியனா தொங்குது. என் நைட்டியைக் காயப்போட இடமில்லை."

யாரும் வரவில்லை. எல்லாம் நான் போட்டுக் கழற்றியவை. ஒரே நாளில், ஒன்றன்மேல் ஒன்றாக.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒல்லி. எவ்வளவு ஒல்லி என்று கிலோவில் சொல்லமாட்டேன், இன்றைக்கும் எனக்கு அதில் வீம்பு உண்டு. காலேஜில் சேர்ந்த முதல் மாதமே ஹேங்கர் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சட்டை மாட்டியிருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். நானும் சேர்ந்து சிரிப்பேன், அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. வீட்டுக்கு வந்து ஃபோனில் ரீல்ஸைத் திறந்தால், என் வயதுப் பையன்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார்கள். நாளைக்கு மழை வருமா என்று சொல்வதற்குக்கூட ஒருத்தனுக்கும் சட்டை தேவைப்படவில்லை.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். பம்மலில் ஒரு கல்யாணத்தில், பெரியப்பா என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்து, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். "இன்னாம்மா, புள்ளைக்குச் சோறு போடறியா இல்லியா?" என்று அம்மாவைக் கேட்டார். பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் இலையில் எதையும் தொடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே வீட்டில் போர்க்கால அடிப்படையில் வேலை ஆரம்பமானது. நெய், பேரீச்சம்பழம், முட்டை, வாழைப்பழம், இவ்வளவுக்கும் மேல் ஒரு சொம்புக் கேழ்வரகுக் கஞ்சி. "இன்னும் ஒரே ஒரு வாய்டா" என்று அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அவளுக்காகக் கழுத்து வரைக்கும் தின்பேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன், சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே. தின்றதெல்லாம் போன வழியே திரும்பி வரும். நாளாக ஆக, தட்டைப் பார்த்தாலே பரீட்சை ஹாலுக்குள் நுழைகிற மாதிரி ஆகிவிட்டது. பசி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோனது. நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். ஆனால் சாப்பிடப் பயமாக இருக்கிறது என்று எந்தப் பையன் வெளியே போய்ச் சொல்வான்?

டிசம்பரில் இரண்டு நாள் விடாத மழை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பனியனுக்கு மேல் இன்னொரு பனியன் போட்டு, அதன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜிம் போறியா?" என்றாள். கேட்டதை அவள் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பாள். நான் மே மாதம் வரைக்கும் மறக்கவில்லை.

மழை நின்றது, என் பனியன்கள் நிற்கவில்லை. இதில் தொழில்நுட்பம் உண்டு. அடியில் முண்டா பனியன். அதன்மேல் கை வைத்தது இரண்டு. கடைசியாக, தோளுக்கு எடுப்பாக இருக்க, அப்பாவின் பழைய பனியன் ஒன்று. இவ்வளவையும் போட்டால் கையை மேலே தூக்க முடியாது. மின்சார ரயிலில் கைப்பிடியைப் பிடிக்காமல் கம்பத்தில் சாய்ந்து நிற்பேன். பார்த்தவர்கள் அதையும் ஸ்டைல் என்று நினைத்தார்கள். வெயில் ஏற ஏறப் புழுக்கத்தில் சாப்பாடு இறங்குவது இன்னும் குறைந்தது. சாப்பிடாததால் உடம்பு இளைத்தது. இளைத்ததை மறைக்கத்தான் இரண்டு பனியன் நாலானது.

தினமும் என்னோடு ரயிலில் வரும் நண்பன் ஒருவன் இருந்தான். ஒல்லியில் வகுப்பிலேயே எனக்கு அடுத்த இடம் அவனுக்கு. ஒருநாள் ரகசியமாகக் கேட்டான்.

"மச்சான், இன்னாடா சாப்புடற? எனக்கும் சொல்றா."

கூசாமல் சொன்னேன். ஊறவைத்த வேர்க்கடலை, காலையில் வெறும் வயிற்றில், ரெண்டு கை. அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் துணி துவைப்பது அம்மா. அவளிடம் இதை எப்படி மறைப்பது? ஆனால் அவள் கணக்கு வேறு மாதிரிப் போனது. வெயில் காலத்தில் நாலு பனியன் போடுகிற பிள்ளைக்கு உள்காய்ச்சல் இல்லாமல் வேறென்ன? போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தினமும் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். உண்மையைச் சொல்வதற்கு இது தேவலை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

அப்பா ஒரு படி மேலே போனார். "குளிருதுன்னா ஃபேனை எதுக்குப் போடறீங்க? நிறுத்துங்க" என்றார். ஏப்ரல் மாதத்தில், தாம்பரம் வெயிலில், எங்கள் வீட்டில் ஃபேன் நின்றது. அப்பா பேப்பரை மடித்து விசிறிக்கொள்வார். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கழுத்தே சிவந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்து, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். நாலு பனியனுக்குள் வெந்துகொண்டிருந்த நான், "பரவாயில்லை" என்பேன்.

மே மாதம், கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மத்தியானம் தாம்பரத்தில் இறங்கினேன். படிக்கட்டுப் பக்கம் நடந்தது வரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது பிளாட்பாரத்தில் கிடந்தேன், தலை நண்பனின் மடியில். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அக்கா ஒருவர் என் சட்டைப் பட்டன்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நவுருங்கபா, காத்து வரட்டும். ஐயே, உள்ள இன்னொன்னு கீதே!"

ஒரு பனியன் தலைவழியே போனது.

"இதுக்கு உள்ளயும் கீதுபா! இன்னாடா இது, உரிக்க உரிக்க வந்துகினே கீது?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. நாலாவது கழன்றபோது சிலர் கைதட்டினார்கள் என்று நண்பன் பிற்பாடு சொன்னான். அதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எதை யாரும் பார்க்கக் கூடாது என்று ஐந்து மாதம் வெந்தேனோ, அது தாம்பரம் ஸ்டேஷனில் பட்டப்பகலில் திறந்து கிடந்தது. ஆனால் ஒருவரும் என் விலா எலும்பைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பனியன் குவியல் மேல்தான்.

"கடைல சுட்டுகினு வந்துகீறான் சார். உள்ள உள்ள போட்டுகினு வெளிய வந்துடுவானுங்க. போலீசைக் கூப்புடுங்க" என்றார் பை வைத்திருந்த ஒருவர்.

நண்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "திருடன்லாம் இல்ல சார். இவன் ஜிம் பாடி சார்!"

இப்போது கூட்டம் மொத்தமும் என் உடம்பைப் பார்த்தது. அப்புறம் அவனைப் பார்த்தது. திரும்பவும் என்னைப் பார்த்தது.

ஒன்று திருடன், இல்லையென்றால் ஒல்லி. வேறு வழியில்லை. "ஒல்லியா இருக்கேன்னு போட்டுக்கிட்டேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"இதுக்காடா?" என்றார் அந்த அக்கா. "எம் புருசனும் ஒல்லிதான். நான் இன்னா, தொரத்தியா வுட்டேன்? மொதல்ல இத்தத் துன்னு." உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரியைக் கையில் வைத்துவிட்டு, விழுந்துகிடந்த பனியன் ஒன்றால் எனக்கு விசிறினார். தின்றேன். எத்தனை வாய் என்று யாரும் எண்ணவில்லை. உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

நண்பன் பனியன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பைக்குள் திணித்தான். கடைசியில் கேட்டான்: "அப்ப வேர்க்கடலை?"

அவனே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு, பனியன் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அம்மா ஓடிவந்து நெற்றியைத் தொட்டாள். "மறுபடியும் குளிருதா?"

அம்மா அப்பா இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஹேங்கர், பெரியப்பா, பாத்ரூம் குழாய், தட்டைப் பார்த்தால் வருகிற பயம். "சோறு போடறியான்னு யாரும் உன்னைக் கேக்கக் கூடாதுன்னுதான்மா" என்றேன். தட்டோடு நான் சமாதானம் ஆவதற்கு, அப்புறம் டாக்டர், கவுன்சிலிங் என்று வெகுநாள் பிடித்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

அப்பாதான் முதலில் கேட்டார். "அப்ப உனக்குக் குளிரவே இல்லையா?"

"இல்லப்பா."

"இத்தனை நாளும்?"

"இல்லப்பா."

அம்மா எழுந்துபோய் ஃபேனைப் போட்டு, ரெகுலேட்டரை அஞ்சுக்குத் திருப்பினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"வேர்வைடா" என்றாள், ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.