பத்தாவது கை

பெரியப்பா கம்பத்துக்குப் போகிறார் என்றால் பஸ் எங்கள் தெருமுனையில் உறுமிக்கொண்டே நிற்கும். அவர் குளித்து, திருநீறு பூசி, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை உள்ளே அத்தனை பேரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை. பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் சொன்னால் மழையும் கொஞ்சம் பொறுத்துத்தான் பெய்யும் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பாதான் மூத்தவர். அவருக்கு அடுத்தது அத்தை, கடைசி என் அப்பா. அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமா காலமாகிவிட்டார். பெரியப்பாவே வண்டி கட்டிக்கொண்டு போய்த் தங்கையை அழைத்து வந்தார். அதிலிருந்து எங்கள் வீட்டுச் சோறுதான் அத்தைக்கு. போர்டில் ஒரு பெண்ணும் இருக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தபோது பெரியப்பா யோசிக்கவே இல்லை, அத்தையின் பெயரைக் கொடுத்தார். வாசித்ததற்கெல்லாம் தலையாட்டுவதுதான் கூட்டத்தில் அத்தையின் வேலை. ஆம்பளைகள் நிறைந்த இடத்துக்கு ஒற்றைப் பெண்ணாகப் போகக் கூடாது என்று துணைக்கு என்னை அனுப்புவார்கள். நான் அத்தையின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் பங்குனியில் வெயில் கொளுத்தியது. கீழத்தெருவுக்கென்று போர்டு வெட்டிய கிணறு ஒன்று எங்கள் தென்னந்தோப்பின் மூலையில் இருந்தது. இடம் கொடுத்தவர் பெரியப்பாதான். முதல் வருஷம் எல்லோரும் இறைத்தார்கள். மறு வருஷம் கிணற்றைச் சுற்றி வேலி வந்தது, பிறகு கதவு வந்தது, கதவுக்குப் பூட்டும் வந்தது. கீழத்தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முல்லையாற்றுக்கு நடந்தார்கள். ஒருநாள் அத்தையும் நானும் ஆற்றில் குளித்துக் கரையேறும்போது, எங்களுக்கு முன்னால் நிறைகுடத்தோடு ஏறிக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சரிவில் வழுக்கி விழுந்தாள். அத்தை ஓடிப்போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவள் வயிற்றுப் பிள்ளை தக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் போர்டு மெம்பர்கள் சிலர் சேர்ந்து, கிணற்றைப் பூட்டிக்கொண்டார் என்று பெரியப்பாமேல் பிராது எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெரியகுளத்து மேலதிகாரிக்கு அனுப்பினார்கள். வீடே அதிர்ந்தது. பெரியப்பா மட்டும் சிரித்தார்.

என் அப்பா உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவரிடம் அத்தை போய் நின்றாள்.

"ஏலே தம்பி, ஒரு பிரசிடெண்ட எறக்கணும்னா எப்படி எறக்குவாக?"

அக்காளுக்குப் பயம் வந்துவிட்டது என்று அப்பா நினைத்தார். பொறுமையாகச் சொன்னார். முதலில் இன்ன குற்றம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் ஏசினால் எடுபடாது. அதில் ஒரு நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் போகவேண்டும், அவர் பதிலுக்குத் தயாராக நாள் கொடுக்கவேண்டும். விசாரிக்கும் கூட்டத்தில் அவர் நாற்காலியில் உட்காரக் கூடாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாதல்லவா? அதனால் வெளியூர் அதிகாரி வந்து உட்காருவார். அவருக்கு ஓட்டுக் கிடையாது. குற்றத்தை வாசிப்பார்கள், பிரசிடெண்ட் பதில் சொல்லலாம், மெம்பர்கள் கேள்வி கேட்கலாம், கடைசியில் கை தூக்குவார்கள்.

"பாதிக்கு மேல ஒரு கை போதுமா?"

"போதாதுக்கா. மூணுல ரெண்டு பங்கு வேணும். பதினஞ்சு மெம்பர்னா பத்துக் கை. ஏத்தி வச்ச ஆள, ஏதோ மனத்தாங்கல்ல நாலு பேரு கூடி எறக்கிரப்படாதுல்ல?"

"எறக்கி என்ன செய்வாக? செயிலா?"

"செயிலெல்லாம் இல்ல. பதவிதான் போகும். அப்புறம் அவரும் நம்மளப்போல ஒரு ஆளு."

அத்தை தலையை ஆட்டினாள். அப்பா அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எதிர்க்கட்சியிடம் ஒன்பது கைதான் இருக்கிறது, பத்தாவது கைக்கு எங்கே போவார்கள் என்றார்.

கூட்டத்தன்று போர்டு ஆபீசுக்கு வெளியே ஊரே நின்றது. பிரசிடெண்டின் நாற்காலியில் கோட்டுப் போட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா உள்ளே வந்ததும் பழக்கத்தில் அந்த நாற்காலியை நோக்கி நடந்து, பாதியில் நின்று, பெஞ்சுக்கு வந்தார். பஸ்ஸையே நிறுத்தி வைத்தவர் மற்றவர்களோடு தோளிடிக்க உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிச் சங்கதியெல்லாம் அரிவாளில்தான் தீரும். இங்கே ஒருவர் குரலும் உயரவில்லை. அதிகாரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பெரியப்பா எழுந்து நின்றார். கோயிலில்கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

குற்றத்தை வாசித்தார்கள். பெரியப்பா பதில் சொன்னார். நிலம் தன்னுடையது, கோடையில் தண்ணீர் வீணாகாமல் காவலுக்காகத்தான் பூட்டியதாகச் சொன்னார். கணீரென்ற அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் அது நியாயம் என்றுதான் படும். எனக்கும் பட்டது. யாராவது ஏதாவது கேட்கவேண்டுமா என்றார் அதிகாரி.

என் கையிலிருந்த சேலைத் தலைப்பு நழுவியது. அத்தை எழுந்து நின்றாள். அந்த அறையில் அவள் குரலை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"பூட்டுன பெறகு அந்தத் தண்ணி நம்ம தென்னைக்குப் பாஞ்சதா இல்லையாண்ணே?"

பெரியப்பா அவளைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், மறுத்துச் சாட்சி சொல்ல ஊரில் ஆள் கிடையாது. அவர் உதடு அசைந்தது.

"பாஞ்சது" என்றார்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. மளிகைக்கடைக்காரர் முதலில் தூக்கினார், அவரோடு சேர்த்து ஒவ்வொன்றாக ஒன்பது கைகள். அப்புறம் என் பக்கத்தில் கண்ணாடி வளையல்கூட இல்லாத ஒரு கை முழங்கை மடங்காமல் மேலே போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கை கூரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. அதிகாரி இரண்டு தடவை எண்ணினார்.

அதன் பிறகு நடந்தது எல்லாவற்றையும்விட ஆச்சரியம், ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. இடி விழவில்லை. பெரியப்பா இடுப்பிலிருந்து கிணற்றுச் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. வாசலில் நின்ற வில்வண்டியில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் வழக்கம்போல அடுப்பு எரிந்தது. அத்தை தன் டிரங்குப் பெட்டியில் இரண்டு சேலைகளை மடித்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பெரியப்பா தோப்பிலிருந்து வந்தார். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். பெரியம்மா இலையைப் போட்டுச் சோற்றை எடுக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"அவள வந்து போடச் சொல்லு."

அத்தை வந்து பரிமாறினாள். கரண்டி நடுங்கி, குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது.

"அங்கன நடுங்கலயே ஆத்தா" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார்.

எங்கள் வீட்டில் ஆம்பளைகள் யாரும் சாப்பிட்ட இலையைத் தொட்டதில்லை. மடித்துவிட்டு எழுந்து போவார்கள், பெண்கள் எடுப்பார்கள். அன்றும் அத்தை குனிந்தாள். அவள் கை போய்ச் சேருவதற்குள் பெரியப்பா தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கொல்லைக்கு நடந்துபோய்த் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். அத்தை குனிந்த இடத்திலேயே அமர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

தன் எச்சிலையைக்கூட அவள் தொடக் கூடாது என்று பெரியப்பா கோபித்துக்கொண்டுவிட்டார் என்றே நான் நினைத்தேன். அத்தையின் முதுகைத் தடவி, நாளைக்கு அவருக்குக் கோபம் ஆறிவிடும் என்று சமாதானம் சொன்னேன்.