வெள்ளைச் சட்டை போட்ட பதினொரு பேர்

சேவியர் போய்விட்டான் என்று நம் பழைய ஆபீஸ் பிரபா போன் செய்தபோது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். "நம்ம சேவியர்டீ" என்று அழுதாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அதென்ன 'நம்ம'? என்னைவிட இவளுக்கு என்ன உரிமை? அடக்கத்தன்று ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்றேன். என் சாவுக்கு இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா என்றுதான் அங்கேயும் யோசித்தேன். என்னோடு வேலை பார்த்த நீங்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வா போ என்றே பேசிக்கொண்டவர்கள். 2000 வாக்கில், ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி ஆபீஸ். வரன் பார்க்கும் வெப்சைட்டுக்காக வரும் போட்டோக்களை ஸ்கேன் செய்து அனுப்புவோம். சின்னப் படத்தை ஸ்கேனரில் வைத்தால் சுற்றிலும் வெறும் வெள்ளை சேர்ந்து வரும். அதை மவுஸால் வெட்டி எடுப்பது என் வேலை. என் வேகத்துக்கு அங்கே ஆள் கிடையாது. சூபர்வைசர் வேலை எனக்குத்தான் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் சேவியர் ஒரு ப்ரோகிராம் எழுதினான். படத்தின் மூலையில் இருக்கும் நிறத்தைக் காலியிடம் என்று எடுத்துக்கொள்ளும். வேறு நிறம் தட்டுப்படும்வரை நாலு பக்கமும் தானாக வெட்டிக்கொண்டு போகும். நான் நாள் முழுக்கச் செய்வதை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டது. "உனக்குக் கை வலிக்குதுன்னு சொன்னியே, அதுக்குத்தான்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாளும் நேரத்துக்கு வராதவன், அடுத்தவர் டப்பாவில் கைவிட்டுப் பொரியல் தின்கிறவன், அவனைப் போய் ஆபீஸே தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அடுத்த திங்கட்கிழமை ஒரு படம் கண்ணில் பட்டது. வெள்ளைத் திரைக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. ப்ரோகிராம் சட்டையையும் காலியிடம் என்று நினைத்து வெட்டிவிட்டது. தலை மட்டும் மிச்சம். நான் சொல்லவில்லை. ஒரு தாளில் அந்த ஆளின் பெயரை எழுதிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். இன்னும் நாலு சேரட்டும், நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். வாரம் முழுக்க அந்தத் தலைகள் வெப்சைட்டில் ஏறிக்கொண்டே இருந்தன.

சனிக்கிழமை ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பெண் வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டு, உடம்பில் ஏதோ குறை, அதைத்தான் மறைக்கிறார்கள் என்று பேச்சையே நிறுத்திவிட்டார்களாம். எங்கள் மேனேஜர் சார் சேவியரைக் கன்னடத்தில் கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்னுடையதுதான் என்றான். வந்தவரிடம், உங்களோடு பெண் வீட்டுக்கு வந்து விளக்குகிறேன் என்றும் சொன்னான். சொன்னபடி மறுநாள் போனான். அந்தக் கல்யாணம் நடந்தது.

நான் காத்திருந்த நேரம் சார் கத்திய அந்தச் சனிக்கிழமைதான். இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று சார் எதிரிலேயே தாளை நீட்டினேன். சேவியர் வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தான். என்னைப் பார்த்தான். பிறகு தாளை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு சார் பக்கம் திரும்பினான்.

"பத்தே நிமிஷத்துல அத்தனையும் கண்டுபிடிச்சுட்டா, சார். இனிமே இவ பாக்காம ஒரு படமும் வெளிய போக வேணாம்."

அடுத்த வாரம் நான் சூபர்வைசர். ப்ரோகிராமையும் திருத்தினான், தனக்குச் சந்தேகமான படங்களை அது தனியாக ஒரு ஃபோல்டரில் போடும். அந்த ஃபோல்டருக்கு அவன் வைத்தது என் பெயர், ரேவதி. அதற்கும் நான் நன்றி சொல்லவில்லை. வேலையும் அவன் போட்ட பிச்சையாகிவிட்டதே என்று பொருமினேன்.

சர்ச் வாசலில் உங்களில் மூன்று பேர் அந்தப் பத்து நிமிஷக் கதையை என்னிடமே சொன்னீர்கள். கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். நேற்று பிரித்துப் பார்த்தேன். பதினொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிழமையையும் எழுதியிருக்கிறேன். திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் ஒன்று, வியாழன் நான்கு, வெள்ளி ஒன்று.