இரண்டு சாய்கோடுகள்

படிவத்தில் எந்த இடத்தில் எழுதும்படி கேட்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தில்தான் எழுத வேண்டும். வேறிடத்தில் எழுதப்பட்டது கவனத்தில் எடுக்கப்படமாட்டாது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்த காலம் முழுவதும் இந்த விதியைக் காட்டியே ஆட்களை வரிசையின் கடைசிக்குத் திருப்பி அனுப்பினேன். கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த விதி தெரியாது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன்.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். கனடாவில் இருந்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் அறிவித்த நேரத்தை வைத்துப் பரந்தன் கோயில் ஐயர் சாதகம் கணித்தார். பெயர் ‘வ’வில் தொடங்க வேண்டுமாம். அந்த எழுத்துக் கிடைக்கும்வரை மகள் குழந்தையின் பெயரைப் பதியாமல் காத்திருந்தாள். பதிவதற்கு அங்கேயும் கடைசி நாள் என்று ஒரு தவணை உண்டு. தவணைகள் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேசும் கடை எங்கள் சந்தியிலேயே இருந்தது. மனைவி மறுத்துவிட்டார்.

“அங்க கதிரையில இருக்கிறவை முழுக்கக் காதை நீட்டிக்கொண்டு இருப்பினம். எழுத்தைக் கத்திச் சொன்னா, பிள்ளையின்ர நட்சத்திரத்தையும் கண்டுபிடிச்சிடுவினம்.”

ஆகவே கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினோம். மனைவியிடம் முன்பு தட்டச்சுப் பழகிய பெண் அங்கே கணினி வகுப்பு நடத்திவந்தார். அங்கிருந்தவை மிகப் பழைய கணினிகள். ஊர் உலகம் அரட்டைக்குப் பயன்படுத்தும் மென்பொருளைப் போட்டால் மயங்கி விழுந்தன. அதனால், உடனடிச் செய்தி அனுப்பும் சிறு நிரல் ஒன்றை, புத்தகத்திலிருந்த மாதிரியைப் பார்த்துத் தாங்களே எழுத அவர் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

“ரீச்சர், மாதிரியை அப்படியே அடியுங்கோ. என்ர பேரும் கடவுச்சொல்லும் போட்டு, அதில இருக்கிற முகவரியை எடுத்துப்போட்டுக் கனடா அக்காவின்ர முகவரியைப் போடுங்கோ. செய்தியை எங்க போடுறதெண்டு அதிலயே எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு வகுப்பெடுக்கப் போனார்.

எழுதித்தான் இருந்தது. இரண்டு சாய்கோடுகள் போட்டு, ‘உங்கள் செய்தியை இங்கே எழுதவும்’ என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழ்வரியில், மேற்கோள் குறிகளுக்குள் ‘ஹலோ’ என்றொரு சொல்.

“இந்த ஹலோவை என்ன செய்யிறது?” என்றார் மனைவி.

“அது மரியாதைக்குப் போட்டிருக்கு. இருக்கட்டும். அவை கேட்டிருக்கிற இடத்தில நீர் எழுதும்.”

“வடிவாப் பாத்துத்தான் சொல்லுறியளோ?”

“வாழ்நாள் முழுக்கப் படிவம் பாத்தனான் நான்.”

சாய்கோட்டு வரியில், ‘இங்கே’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, மனைவி ‘வ’ எழுத்தை அடித்தார். நான் புத்தகத்தை வைத்துக் ஒரு காற்புள்ளிகூட விடாமல் ஒப்புநோக்கினேன். ‘அனுப்பப்பட்டது’ என்று திரை சொன்னது. ஜெனரேட்டருக்கு டீசல் முடிந்து திரை இருண்டது. தேத்தண்ணி குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

பதில் வரவில்லை. தவணை தப்பினால் பிள்ளைக்கு வாயில் வந்த பெயரை வைத்துவிடுவார்கள் என்று மனைவி சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. எந்த அரசாங்கத் திணைக்களமும் உடனே பதில் போடாது என்று ஆறுதல் சொன்னேன். அது உதவவில்லை.

கடைசியில் அந்தப் பெண்ணே அச்சிட்ட தாளோடு சைக்கிளில் வந்தார். மகள் எழுதியிருந்தாள்: ‘அம்மா, வெறும் ஹலோ எண்டு அனுப்பினது நல்ல கெட்டித்தனம். ஆர் பாத்தாலும் விளங்காது. சொன்னபடியே ஹ எழுத்தில பேரைப் பதிஞ்சிட்டம்.’

வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். “சேர், ரெண்டு சாய்கோட்டுக்குப் பிறகு என்ன எழுதினாலும் கணினி பாக்காது. அது மனுசருக்கு எழுதிறது. ஹலோவை எடுத்துப்போட்டு அதிலதான் எழுத்தைப் போட்டிருக்கோணும்.”

“நாங்கள் மனுசர்தானே? எங்களை அங்க எழுதச் சொல்லித்தானே கிடக்கு?”

மனைவி தாளை வாங்கி இன்னொரு முறை வாசித்தார்.

“கெட்டித்தனம் எண்டு எழுதியிருக்கிறாள்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஐயரிட்ட மூச்சு விடக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றார்.

நான் பேனாவை எடுத்து, கச்சேரிக்கு வரும் கடிதங்களில் குறிப்பதுபோல, தாளின் மேல் மூலையில் முறைப்படி குறித்தேன்: கிடைத்த திகதி, தைப்பூசம்.