பஷீர் எதிரே வந்தால்

இன்று தருமபுரியில், கண் ஆஸ்பத்திரி கவுண்டரில்...

டோக்கன் போடும் பெண் என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"பஷீர்னா என்னங்க தாத்தா அர்த்தம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

(புரை கண்ணில்தான். காது நன்றாகவே கேட்கிறது.)

கடைசியாக ஒருவர் இதற்கு அர்த்தம் சொன்னபோது நாட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி. அதனால் என் கல்யாணமே நின்றுபோகத் தெரிந்தது!

அப்போது ஃபேஸ்புக் இல்லை. அதனால் பதிவு கொஞ்சம் லேட். மன்னிக்கவும்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளி. மாட்டுக்கு லாடம் கட்டுவது என் வேலை. சண்டை முடிந்திருந்த சமயம் (உலகச் சண்டை. எங்கள் வீட்டுச் சண்டை அப்புறமும் நடந்தது).

ஒருநாள் பள்ளிவாசலுக்கு வெளியூர் ஹஜ்ரத் ஒருவர் வந்தார். போகிற வழியில் என் பேரைக் கேட்டார். சொன்னேன்.

"மாஷா அல்லாஹ்! அரபியில, நல்ல சேதி கொண்டு வர்றவருன்னு அர்த்தம் தம்பி."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவன் நான்!

லாடம் கட்ட மாட்டைப் பிடித்து வந்திருந்த மாதண்ணன் இதைக் கேட்டுவிட்டார். காணாமல் போன எருமையைத் தேடிக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார் அவர்.

"அப்டீங்களா! பாய், கொஞ்சம் எதிர்ல வாங்க பாப்போம்."

வந்தேன். எருமை கிடைத்துவிட்டது!

(அந்த எருமையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. யார் கேட்டார்கள்?)

அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், கடன் கேட்கப் போகிறவர் எல்லாருக்கும் நான்தான் சகுனம்!

நாலு காலையும் கட்டி மாட்டைப் படுக்க வைத்து ரெண்டு லாடம் அடித்திருப்பேன். "பாய்! மச்சான் கெளம்பறாருங்க, ஓடியாங்க!" என்று இழுத்துப் போவார்கள். மாடு படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

போன காரியம் நடக்கவில்லையா? அதற்கும் நான்தான் பொறுப்பு.

"நீங்க சிரிக்காம வந்தீங்களே பாய்!"

பூனை குறுக்கே போனாலும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எதிரே வந்தால் அந்தப் பூனை செல்லாதாம்!

அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) திட்டினார். "சகுனம் பாக்கறது நமக்கு ஆவாதுடா."

"நான் எங்கத்தா பாக்கறேன்? அவங்கதான் என்னைப் பாக்கறாங்க!"

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஜைத்தூன்.

பொம்மிடியில் அவள் அத்தாவின் வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டப் போனபோது சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. குடித்த பிறகும் சொம்பைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை.

வீட்டில் சொல்லிப் பெண் கேட்டு அனுப்பினேன். அவள் அத்தா ஆள் அனுப்பினார். "பென்னாகரத்துல இருந்தும் கேக்கறாங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்குள்ள வந்து பேசுங்க. இல்லேன்னா அவங்களுக்குத்தான்."

ஞாயிறு காலை நானும் அத்தாவும் பஸ்ஸுக்கு நின்றோம். (மாப்பிள்ளை போகும் வழக்கமில்லை. எனக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை!)

ஊரே வழியனுப்ப வந்தது. மாதண்ணனுக்குத்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

"பாய் எல்லாருக்கும் எதிர்ல வர்றாரு. பாய்க்கு யாருய்யா எதிர்ல வர்றது?"

கூட்டம் ஆள் தேட ஆரம்பித்தது.

அந்த நேரம் கரி பஸ் வந்து நின்றது (பெட்ரோல் பஞ்சம், கரி அடுப்பில்தான் அப்போது பஸ் ஓடும்). டிரைவர் இறங்கி அடுப்பைக் கிண்ட, புதுத் துணி உடுத்திய நாலு பேர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்கள்.

"நீங்கதானே சகுனக்கார பாய்? எங்க பையனுக்குப் பொண்ணு பேசப் போறோங்க. கொஞ்சம் எதிர்ல வாங்களேன்."

நம் நிலைமைதானே அவர்களுக்கும் என்று, வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தேன். சந்தோஷமாக ஏறிக்கொண்டார்கள்.

நானும் ஏறப் போனால், மாதண்ணன் சட்டையைப் பிடித்தார். "இருங்க பாய்! உங்க சகுனம் இன்னும் ஆவலையே!"

சலூன் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எனக்கு நானே எதிரே வர வேண்டுமாம்!

வந்தேன்.

"பாய் சிரிக்கலை! மறுபடியும்!"

மறுபடியும் வந்தேன். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் இருந்தவனும் அழுதான். "ஐயோ, அழுவாச்சி சகுனம்!" என்று திரும்பவும் முதலிலிருந்து!

பஸ் போய்விட்டது.

கையில் கிடைத்த மாட்டு வண்டியில் போனோம். பொம்மிடி சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஜைத்தூன் வீட்டுக் கூடத்தில் அந்த நாலு புதுத் துணி!

அவர்கள்தான் பென்னாகரத்துக்காரர்கள்!

என் கையால் இல்லை, என் காலாலேயே குழி தோண்டியிருக்கிறேன்.

அதில் பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க பாய்! உங்க முகராசிதான், எல்லாம் பேசியாச்சு, நிச்சயம் பண்றதுதான் பாக்கி!" ஜைத்தூனின் அத்தாவிடமும் பெருமையாகச் சொன்னார். "இவரு எதிர்ல வந்தா அந்தக் காரியம் தப்பாதுங்க!"

என் அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஜைத்தூனின் குரல் வந்தது.

"அத்தா, எதிர்ல வந்தவருக்கே அவ்ளோ ராசின்னா, அவருக்கே என்னைக் குடுத்துடுங்க. நடுவுல இவங்க எதுக்கு?"

பெரியவர் யோசித்துப் பார்த்து, "பொண்ணு சொல்றதும் நாயந்தான்" என்று செருப்பைத் தேடினார்!

கல்யாணம் நடந்தது. ஊர் அப்புறமும் என்னை விடவில்லை. ஆனால் ஜைத்தூன் எங்கே கிளம்பினாலும் ஒருநாள்கூட என்னை எதிரே வரச் சொன்னதில்லை.

"எதிர்ல யாரு வந்தா என்ன? நீங்க கூட வாங்க" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணாடியில் தனியாக என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவுதான் வருகிறது.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் கவுண்டர் பெண் டோக்கனை நீட்டியது.

"தாத்தா... நாளைக்கு எனக்கு இன்டர்வியூங்க. கொஞ்சம் எதிர்ல வாங்களேன்!"

வந்தேன். சிரித்துக்கொண்டேதான்.

(பல் செட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். செல்லும்தானே நண்பர்களே?)